கடைசித் தக்கை

உட்காருங்க அண்ணாச்சி. அந்தக் கட்டில் ஆடும், சுவரோரமா உட்காருங்க. அம்மா இல்லை. மாவும் இல்லை. ரெண்டையும் முதல்லயே சொல்லிடறேன். டீ குடிச்சு, வெயிலைப் பத்திப் பேசி, ஊர்க்கதை எல்லாம் முடிச்சுட்டுக் கடைசியில சொன்னா உங்களுக்குத்தான் கோபம் வரும். எனக்குச் சுத்தி வளைக்க வராது.

டிரைவரை வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. வீணா டீசல் எரியுது.

ஒரு மூட்டைகூட இல்லை அண்ணாச்சி, நிஜமாத்தான். போன வருஷம் நீங்க வந்தப்போ இந்த வாசல்ல கால் வைக்க இடம் இருந்துச்சா? தார்ப்பாய் மேல தார்ப்பாய், எல்லாம் வெள்ளையாக் காய்ஞ்சு கிடந்துச்சு. வெடிக்குக் காகிதம் சுத்தற பசைக்கு உங்கம்மா மாவு மாதிரி எதுவும் பிடிக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. சிவகாசியில இருந்து இவ்வளவு தூரம் அதுக்காகத்தானே வர்றீங்க. இந்த வருஷம் குழியில வந்து பாருங்க. தவளை இருக்கு. அதுவும் போயிடும், காய்ஞ்சுக்கிட்டே வருது.

அம்மா நாளைக்கு வந்துடும். ஏதோ கல்யாணம்னு விடிகாலை பஸ்ஸுக்குப் போச்சு. போன் எடுக்கலையா? எடுக்காது. எனக்கே எடுக்காது. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லாம நாலஞ்சு மாசம் ஆச்சு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எப்படின்னு கேக்கறீங்களா? சோறு போட்டு வெச்சுடும். நான் எடுத்துத் தின்னுக்குவேன். குழம்புல உப்பு இல்லைன்னா சுவத்தைப் பார்த்துச் சொல்லுவேன். மறுநாள் உப்பு சரியா இருக்கும். அவ்வளவுதான் எங்க குடும்பம் நடக்குது.

அதுக்குக் காரணம் நான் உண்மையைச் சொன்னது. வேற ஒண்ணும் இல்லை. நீங்க வெளியூர் ஆள், உங்களுக்கு இதுல லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை... சரி, மாவு நஷ்டம் இருக்கு. இருந்தாலும் கேளுங்க. கேட்டுட்டு நான் பண்ணினது தப்பான்னு சொல்லுங்க.

உங்களுக்குப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை உள்ளே போய்ப் பார்த்துப் பழக்கம் இல்லைன்னு நினைக்கிறேன். நீங்க இந்த மதில் தாண்டினது இல்லையே. குச்சிக்கிழங்கு லாரியில வரும். கழுவி, தோல் சீவி, திரும்பக் கழுவி, அரவையில போட்டுத் தண்ணியோட அரைப்பாங்க. அரைச்சதைச் சல்லடையில விட்டா நார் மேல நின்னுக்கும். அதைத் திப்பின்னு சொல்வோம், மாட்டுக்குப் போகும். பால் கீழே இறங்கித் தொட்டிக்குப் போகும். தொட்டியில மணிக்கணக்கா அசையாம நிக்கணும். மாவு அடியில உறையும், மேல தண்ணி தெளியும். அந்த மாவுலதான் ஜவ்வரிசி. இப்போ, மேல தெளிஞ்ச தண்ணியை எப்படி வெளியேத்தறது? தொட்டிச் சுவத்துல மேலிருந்து கீழே வரிசையா ஓட்டை. ஒவ்வொண்ணுக்கும் துணி சுத்தின ஒரு மரத் தக்கை. மேல் தக்கையைப் பிடுங்கினா மேல் தண்ணி போகும். கொஞ்சம் பொறுத்து அடுத்தது. அப்புறம் அடுத்தது. கடைசித் தக்கை மாவுக்கு விரலளவு மேல இருக்கும். அதைப் பிடுங்கறதுக்கு முன்னாடி கையை விட்டுப் பார்க்கணும். கை வெள்ளையா வந்தா இன்னும் உறையலைன்னு அர்த்தம். காத்திருக்கணும். அவசரப்பட்டா மாவும் சேர்ந்து ஓடிடும்.

ஓடி எங்க வரும்? மதில் ஓட்டை வழியா எங்க வாய்க்காலுக்கு. வாய்க்காலை மறிச்சு அம்மா கடப்பாக்கல் பதிச்சு ஒரு குழி வெச்சிருந்துச்சு பாருங்க, அதுக்கு. அங்க நின்னு உறைஞ்சதை வடிதுணியில கட்டி, பிழிஞ்சு, காய வெச்சு, உங்களுக்கு மூட்டை. எங்கப்பா செத்ததுல இருந்து அதுதான் எங்களுக்குச் சோறு.

அதனால அம்மாவுக்குக் கோபம் வந்ததை நான் தப்பு சொல்லலை. மாவு போச்சு, வருமானம் போச்சு, கோபம் வரும். ஆனா நாலு மாசமா? அதுவும் வேலை கொடுக்கறேன்னு முதலாளியே வந்து கூப்பிட்டப்புறமும்? அதுதான் எனக்குப் புரியலை.

இருங்க, தண்ணி தர்றேன். பயப்படாதீங்க, ஆலைத் தண்ணி இல்லை.

செங்கோடனை உங்களுக்குத் தெரியும். தெரியும் அண்ணாச்சி, போன வருஷம் உங்க வண்டிக்கு மூட்டை ஏத்தினாரே, ஒல்லியா, மீசை வெச்சுக்கிட்டு. ஆமா, அவர்தான். ஆலையில தொட்டி வேலை அவருது. தக்கை பிடுங்கறவரு. அதுல அவரை மாதிரி ஆள் இல்லைன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், ஆலைக்கு வேலைக்குப் போற வரைக்கும்.

நான் பதினொண்ணாவதுல நின்னுட்டேன். கெமிஸ்ட்ரி சார் கைடைப் பார்த்துப் போர்டுல எழுதினாரு. அதுலயும் ஒரு வரியை விட்டுட்டு எழுதினாரு. "சார், நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க, கைடு வேணும்னா என்னோடதைப் பார்த்துக்கங்க"ன்னேன். கிளாஸே சிரிச்சுடுச்சு. மன்னிப்புக் கேட்டாத்தான் உள்ளே விடுவேன்னாரு. உள்ளதைச் சொன்னதுக்கு எதுக்கு மன்னிப்பு? வந்துட்டேன். அம்மா போய் ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல ரெண்டு நாள் நின்னுச்சு. செங்கோடன்கூட ஒரு நாள் வேலையை விட்டுட்டு, சட்டை மாத்திக்கிட்டுப் போயி, "பாப்பா நல்லாப் படிக்கற புள்ள சார்"னு சொல்லியிருக்காரு. அவருக்கு எதுக்கு இந்த வேலை? கேட்டேன் மூஞ்சிக்கு நேரா. "சும்மாதான் பாப்பா, அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு"ன்னாரு. பள்ளிக்கூடத்துப் பக்கம் அவருக்கு என்ன சோலி, புள்ளையா குட்டியா.

அப்புறம் நான் ஆலைக்குப் போனேன். சல்லடையில திப்பி தள்ளற வேலை. சல்லடையில இருந்து பார்த்தா தொட்டி நல்லாத் தெரியும். அப்போதான் பார்த்தேன். விடிஞ்சதும் மேல் தக்கையைப் பிடுங்குவாரு, பொறுமையா நிப்பாரு. அடுத்தது, பொறுமை. அதுக்கு அடுத்தது, அதுக்கும் பொறுமை. கடைசித் தக்கைக்கு வந்ததும் கையை விட்டுப் பார்ப்பாரு. கை முழங்கை வரைக்கும் வெள்ளையா வரும். பார்ப்பாரு. வேட்டியில துடைப்பாரு. பிடுங்கிடுவாரு.

நாள் தவறாம அண்ணாச்சி. ஒரு நாள், ரெண்டு நாள்னா அவசரம்னு விட்டுடலாம். சோம்பேறித்தனம். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா என்ன? டீ குடிக்கற அவசரம், வேறென்ன. ஏன்னா அங்க வெள்ளைத் தண்ணி ஓட ஆரம்பிச்சா இங்க அம்மா அடுப்புல இருந்து டீயை எடுத்துக்கிட்டு மதிலுக்குப் போகும். மதில் மேல டம்ளரை வெச்சுட்டு இந்தப் பக்கம் நிக்கும். அவர் அந்தப் பக்கம் நின்னு குடிப்பாரு. டம்ளர் திரும்ப மதிலுக்கு வரும். தக்கை பிடுங்கறவருக்கு ஒரு டீ, அவ்வளவுதான், மரியாதைக்கு.

ஞாயித்துக்கிழமை குழி வழிக்க வருவாரு. நல்லா வேலை செய்வாரு, அதைச் சொல்லணும். ஆனா வீட்டுக்குள்ள வரமாட்டாரு. எதிர்வீட்டுல என் சித்தப்பா கட்டில் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, செங்கோடனைக் கண்டா இருமிக்கிட்டே இருப்பாரு. அது என்ன இருமலோ, செங்கோடன் போனதும் நின்னுடும். மூட்டை தைக்கறப்போ அம்மா நூலை வெச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடும். அம்மாவுக்குக் கிட்டப்பார்வை போச்சு, ஊசிக்கண் தெரியாது. "இலக்கியா, கோத்துக் குடுடி"ன்னு பத்துத் தடவை கூப்பிடும். எனக்கு எரிச்சலா வரும். போனை நோண்டிக்கிட்டு, "வர்றேன் வர்றேன்"ன்னே சொல்லிக்கிட்டிருப்பேன். செங்கோடன் வாசல்ல நின்னுக்கிட்டே கையை நீட்டி வாங்கி, ஒரே தடவையில கோத்துக் குடுத்துடுவாரு. அதை மனசுல வெச்சுக்கங்க. இந்த ஊசி விஷயம் பின்னாடி வரும்.

போன மழை ஏமாத்திடுச்சா, ஆலை போர்ல தண்ணி இறங்கிடுச்சு. இன்னும் ஆழமாப் போட்டாங்க, புகைதான் வந்துச்சு. டேங்கர்ல தண்ணி வாங்கி ஓட்டினாங்க. கிழங்கு அரைக்கற ஆலை எவ்வளவு தண்ணி குடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது, யானை மாதிரிக் குடிக்கும். ஒரு நாள் முதலாளி எல்லாரையும் களத்துல கூட்டிட்டாரு. "தண்ணிச் செலவைப் பாதியாக் குறைக்க முடியலைன்னா இந்த சீசனே கிடையாது. பூட்டிடுவேன். உங்களை ஏமாத்திச் சொல்ல எனக்கு மனசு வரலை"ன்னாரு. தோல் சீவற பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டாங்க. மரகதக்கா இருக்கே, பக்கத்து வீடு, அது கத்தியைக் கீழே போட்டுட்டு உட்கார்ந்துடுச்சு.

அப்புறம்தான் இன்ஜினியர் மேடம் வந்தாங்க. சின்ன வயசு, பேன்ட் சட்டை, சேத்துல ஷூ போனாலும் கண்டுக்கலை. சுத்திப் பார்த்தாங்க. எங்களையும் பக்கத்துல நிக்க விட்டாங்க, அது எனக்குப் பிடிச்சது. மேனேஜர்கிட்ட, "வெளியே போற தண்ணியோட எவ்வளவு மாவு போகுது?"ன்னு கேட்டாங்க.

மேனேஜர், "போகாது மேடம். கண்ணாடி மாதிரித் தண்ணிதான் போகும்"ன்னாரு.

நான் சிரிச்சுட்டேன். வேணும்னு இல்லை, வந்துடுச்சு.

மேடம் திரும்பி, "என்னம்மா?"ன்னாங்க.

"கண்ணாடியா? எங்க வீட்டுக்கு வாங்க மேடம், காட்டறேன்"ன்னேன்.

மேனேஜர் கண்ணைக் காட்டினாரு. தொட்டி மேல செங்கோடன் நின்னுக்கிட்டிருந்தாரு, என்னையே பார்த்தாரு. தலையை இப்படி லேசா ஆட்டினாரு, வேண்டாம்கிற மாதிரி. மாட்டிக்குவோம்னு பயம். இத்தனை நாள் சோம்பேறித்தனம் பண்ணினா பயம் வரத்தானே செய்யும்.

கூட்டிட்டு வந்தேன். மேடம், முதலாளி, மேனேஜர், மூணு பேரும் இதே வாசல்ல நின்னாங்க. அம்மா ஈர மாவைப் பரப்பிக்கிட்டிருந்துச்சு. யாரோ மாவு வாங்க வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு, கையைத் துடைச்சு, சொம்புல தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு. மேடம் ஒரு பிடி மாவை அள்ளித் தேய்ச்சுப் பார்த்து, மோந்து பார்த்து, "சார், இது கழிவு இல்லை, நல்ல மாவு"ன்னாங்க. முதலாளி தார்ப்பாயைப் பார்த்தாரு, குழியைப் பார்த்தாரு, மதிலைப் பார்த்தாரு. அம்மா என்னைப் பார்த்துச்சு. அப்போ பார்த்ததுதான். அதுக்கப்புறம் என்னை நேரா பார்க்கலை.

ஆலைக்குத் திரும்பினதும் முதலாளி, "தொட்டியில யாருப்பா?"ன்னு கேட்டாரு. தெரியாம இல்லை, இருபது வருஷமா ஒரே ஆள்தானே. செங்கோடன் இறங்கி வந்தாரு. "நான்தான் முதலாளி. கண்ணு சரியாத் தெரியலை. வெள்ளை எது தெளிவு எதுன்னு பிடிபடலை. முன்னாடியே பிடுங்கிட்டேன்போல"ன்னாரு.

பாருங்க அண்ணாச்சி, பச்சைப் பொய்! நான் அங்கேயே சொன்னேன். "கண்ணு தெரியலையா? எங்கம்மாவுக்குக் கோணி ஊசியில ஒரே தடவையில நூல் கோத்துக் குடுக்கறீங்க, அதுக்கு மட்டும் தெரியுதா?"ன்னு.

மேனேஜர் வாயைப் பொத்திக்கிட்டாரு. தோல் சீவற பொம்பளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. செங்கோடனுக்கு முகம் அப்படியே கறுத்துப் போச்சு. பிடிபட்டுட்டோம்ல, அதான். "அந்தப் புள்ள சொல்றது சரிதான்"ன்னாரு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "அந்த அம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது முதலாளி. வாய்க்கால்ல வந்ததை எடுத்துச்சு. அதை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

முதலாளி கோபக்காரர் இல்லை. "உன்னை நம்பித்தானே தொட்டியை விட்டேன் செங்கோடா"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கே செங்கோடன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. போறப்போ மதில் பக்கம் ஒரு தடவை பார்த்தாரு. அங்க டம்ளர் இருந்துச்சு. எடுக்கலை.

நீங்க ஏன் அண்ணாச்சி துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க? ஃபேன் போடட்டுமா?

அதுக்கப்புறம் ஆலையில நடந்ததை நீங்க பார்த்திருக்கணும். மேடம் ஒண்ணும் மந்திரம் பண்ணலை. முழுசாத் தெளிஞ்சப்புறம்தான் கடைசித் தக்கை. தெளிஞ்ச தண்ணியை வெளியே விடாம, பைப்புல திருப்பி, மண்ணோட வர்ற கிழங்கை முதல்ல கழுவறதுக்கு விட்டாங்க. மண்ணுக்கு எதுக்கு நல்ல தண்ணி? நல்ல தண்ணி கடைசிக் கழுவலுக்கும் அரவைக்கும் மட்டும். திப்பியை இன்னொரு சல்லடையில போட்டு ஒரு அலசு. திப்பியைப் பிழிஞ்சா முன்னாடி கை வெள்ளையாகும், இப்போ ஆகாது. டேங்கர் வர்றது நின்னுடுச்சு. சீசன் நடக்குது. மரகதக்கா வேலைக்குப் போகுது. பூட்டியிருந்தா எத்தனை வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது? அதை யாராவது சொல்றாங்களா? இல்லை. தெருவுல போனா பேச்சை நிறுத்தறாங்க.

தொட்டி வேலையை முதலாளி எனக்குக் குடுத்தாரு. "பொட்டப் புள்ள தொட்டி மேல ஏறுதா"ன்னு லோடுமேன்கள் ஒரு வாரம் கிண்டல் பண்ணினாங்க. நான் கையை விட்டுப் பார்த்துச் சொன்னா சொன்னதுதான், இப்போ அவங்க வாயைத் திறக்கறதில்லை. அம்மாவையும் தோல் சீவற வேலைக்கு வரச் சொல்லி முதலாளி இதே வாசல்ல வந்து நின்னாரு. "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை, வா ராசாமணி"ன்னாரு. அம்மா "இல்லைங்க"ன்னு ஒரே வார்த்தை. உள்ளே போயிடுச்சு. செங்கோடன் அரூர்ப் பக்கம் ஏதோ ஆலையில சேர்ந்துட்டதா மரகதக்கா சொல்லுச்சு. நல்லதாப் போச்சு, வேலை கிடைச்சுடுச்சுல்ல, அப்புறம் யார் மேல யாருக்குக் கோபம்?

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

பொங்கலுக்கு ஆலை லீவு. திருப்பி விடற தண்ணியை அன்னன்னைக்கே செலவழிச்சுடணும், தங்கினா புளிச்சுடும்னு மேடம் தெளிவாச் சொல்லியிருந்தாங்க. லீவுக்கு முன்னாடி நின்ன தண்ணி அப்படியே கிடந்துச்சு. மேனேஜருக்கு இப்போ தண்ணியைக் கண்டா தங்கத்தைக் கண்ட மாதிரி. "ஒரு சொட்டு வீணாகக் கூடாது"ன்னு அந்தப் பழந்தண்ணியை அரவைக்கே விட்டுட்டாரு. தொட்டி நிறைஞ்சுச்சு. நின்னுச்சு, நின்னுச்சு, உறையவே இல்லை. மேல நுரை கட்டி, புளிச்ச வாடை. எப்போ கையை விட்டாலும் வெள்ளை. மேடத்துக்குப் போன் போட்டோம். "காப்பாத்த முடியாது, காலி பண்ணிடுங்க"ன்னாங்க.

நான்தான் ஏறிப் பிடுங்கினேன். மேல் தக்கை, அடுத்தது, அடுத்தது. கடைசித் தக்கையைப் பிடுங்கறப்போ எனக்கே ஒரு சந்தோஷம். அம்மா குழிக்கு ஒரு தொட்டி வெள்ளை போகுதே, கொஞ்சமாவது உறையாதான்னு. மதில் பக்கம் போய் நின்னேன், அம்மா என்ன பண்ணுதுன்னு பார்க்க.

அம்மா ஓடி வந்துச்சு அண்ணாச்சி. செருப்பு இல்லாம. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, தலைமுடியை அள்ளிச் செருகிக்கிட்டு. எங்கம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி. கையில டம்ளர். டீ தளும்பிக் கையெல்லாம் ஊத்துது, அது சுடுதுன்னுகூடத் தெரியலை. மதில்கிட்ட வந்து எக்கிப் பார்த்துச்சு.

நான் நின்னேன்.

முகம் சுருங்கிப் போச்சு. என்னைப் பார்த்து எதுக்கு அப்படி ஆகணும்? நான் என்ன பேயா? எனக்குத்தான் டீ கொண்டு வந்திருக்கு, சமாதானம் ஆயிட்டோம்னு நினைச்சு நான் கையை நீட்டினேன். டீயை வாய்க்கால்ல ஊத்திட்டுத் திரும்பிப் போயிடுச்சு. அத்தனை வெள்ளை குழியில வந்து நின்னுச்சு, ஒரு கை அள்ளலை. ரெண்டு நாள் நாறினதுதான் மிச்சம். மாவுதான் வேணும்னா அள்ளியிருக்கணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

குழியையே பார்க்கறீங்க.

ஆனா இன்னைக்குக் காலையில எல்லாம் சரியாயிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன், பேச்சு எங்கேயோ போயிடுச்சு. அம்மா பேசிடுச்சு! என்னை எழுப்பி உட்கார வெச்சு, தலை வாரிப் பின்னி விட்டுச்சு. எத்தனை வருஷம் ஆச்சு, நானே வாரிக்கிட்டு. எனக்குக் கூச்சமா இருந்துச்சு, ஆனா விட்டுட்டேன். வாரிக்கிட்டே சொல்லுச்சு. அரிசி பெரிய டப்பாவுல இருக்கு. ரேஷன் கார்டு சாமி படத்துக்குப் பின்னாடி. ராத்திரி மரகதக்கா துணைக்கு வந்து படுத்துக்கும். கேஸ் அடுப்பை ரெண்டு தடவை பார்த்து அணை. ஒரு நாள் கல்யாணத்துக்கு எதுக்கும்மா இவ்வளவுன்னு கேட்டேன். யாருக்குக் கல்யாணம்னும் கேட்டேன். சீப்புல இருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பச்சைப் பட்டுல நல்லா இருந்துச்சு அம்மா. அதைக் கட்டினதே இல்லை.

கிளம்பறப்போ, "உனக்கு ஆலை இருக்கு. நீ பொழைச்சுக்குவ"ன்னுச்சு. பார்த்தீங்களா, ஒத்துக்கிச்சு. நான் பண்ணினது சரின்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு. வாய் விட்டுச் சொல்ல இவ்வளவு மாசம்.

என்ன, குழியில அடியில ஒட்டியிருக்கறதைச் சுரண்டிப் பார்க்கணுமா? வெறுங்கையோட போக மனசு வரலையா உங்களுக்கு? ஒரு படி கூடத் தேறாது, சொல்லிட்டேன். சரி, இருங்க, மண்வெட்டி எடுத்துட்டு வர்றேன். கதவுக்குப் பின்னாடிதான் இருக்கும்.

இல்லையே.

சித்தப்பா எடுத்திருப்பாரோ. இல்லை, அவர் மண்வெட்டியைத் தொட்டு எத்தனை காலம். வடிதுணி இந்தக் கொடியிலதான் தொங்கும், ஆறேழு துணி. அதையும் காணோம். துவைக்கப் போட்டிருந்தா காய்ஞ்சிருக்கணும்ல. அம்மா காலையில ஒரு சாக்குப்பையும் எடுத்துட்டுப் போச்சு. சீர் சாமான்னு நினைச்சேன். கனமா இருந்துச்சு, நான்தான் பஸ்ஸுல தூக்கி வெச்சேன். கல்யாணத்துக்கு எதுக்கு அண்ணாச்சி மண்வெட்டி?

கோணி ஊசி காலண்டர் அட்டையில குத்தியிருக்கும். அதையும்...

நீங்க எங்க கிளம்பறீங்க? அரூருக்கா? அங்க உங்களுக்கு என்ன? இனிமே அங்க மாவு கிடைக்கும்னு போன் வந்துச்சா. யார் பண்ணினது? எப்போ? அப்போ இங்க எதுக்கு வந்தீங்க? என்னைப் பார்த்துட்டுப் போகச் சொன்னாங்களா. பார்த்துட்டுப் போய் என்ன சொல்லணுமாம்? சாப்பிட்டேனான்னா?

சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு ஊசிக்கண் தெரியாது அண்ணாச்சி. ஊசியைக் கொண்டு போய் என்ன பண்ணும்? அங்க யாரு அதுக்கு நூல் கோத்துக்...

சங்கு ஊதறாங்க. கேக்குதா, எங்க ஆலைதான். மதியத் தொட்டி தெளிஞ்சிருக்கும், நான் போகணும். நான் போகலைன்னா யாரும் தக்கையைத் தொட மாட்டாங்க, அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். டம்ளரை அங்கேயே வெச்சுடுங்க, நான் கழுவிக்கறேன்.

அங்க போனா ஒண்ணு சொல்லுங்க. என்னைக் கூப்பிட்டிருந்தா நானே கோத்துக் குடுத்திருப்பேன்னு சொல்லுங்க.

இல்லை, அதைச் சொல்லாதீங்க. கூப்பிட்டுச்சு.